கேட்டில் பிடிபட்ட டீ பேக்குகள்

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஐந்தரை மணிக்கு, கிழக்குத் தாம்பரம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். எதற்கென்று சொன்னால் சிரிப்பீர்கள். ஊரார் முக்கிக் குடித்துவிட்டுப் போட்ட டீ பேக்குகளை வாங்கிக்கொண்டு போவதற்காக. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வெயிலில் நின்று நின்று மண்டை கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். என் வீட்டுக்காரரைக் கேட்டால் அந்தக் ‘கொஞ்சம்’ என்பதை எடுத்துவிடச் சொல்வார். சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பதினேழு வருடமாகக் காகித வேலை பார்க்கிறேன். ஒரு ஃபாரத்தில் ஒரு எழுத்து தப்பினால் கண்டெய்னர் கிளம்பாது. அப்படிப்பட்ட வேலையில் யாருக்குத்தான் கோபம் வராது? ரத்த அழுத்தம் ஏறியபோது டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “மனசு அமைதியாகற மாதிரி ஏதாவது கைவேலை செய்யுங்கம்மா” என்றார். அந்த டாக்டரை இன்னொரு தடவை பார்த்தால் நான்கு வார்த்தை கேட்கலாம் என்றிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரியே போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. ஒரு பெண், டீ பேக்கைக் குடித்த பிறகு காய வைத்து, ஓரத்தைப் பிரித்துத் தூளைக் கொட்டிவிட்டு, அந்த மெல்லிய தாளை விரித்து அட்டையில் ஒட்டுகிறாள். அதன் மேல் செய்தித்தாள் துண்டு, காய்ந்த இலை, அந்த டீ பேக்கின் நூல் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகிறாள். கடைசியில் உருக்கிய மெழுகைப் பிரஷ்ஷில் தொட்டுத் தடவுகிறாள். தாள் கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் இருப்பதெல்லாம் மங்கலாகத் தெரிகிறது. டீக் கறை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பழுப்பு. பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. அவள் செய்கிறபோது ரொம்ப சுலபமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

முதல் எரிச்சல், டீ பேக்குக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் காலையில் ஃபில்டர் காபி, சாயங்காலம் தூள் டீ. சேலையூரில் எங்கள் தெரு முழுக்கக் கதவைத் தட்டிக் கேட்டாலும் ஒரு டீ பேக் கிடைக்காது. புதுசு வாங்கிப் பத்துப் பத்தாக முக்கி வீட்டுக்காரருக்குக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாவது நாள் அவர் கும்பிடு போட்டுவிட்டார். அப்போதுதான் எங்கள் ஆபீஸ் பேன்ட்ரி ஞாபகம் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகிற இடம் என்பதால் அங்கே எல்லாருக்கும் டிப் டீதான். ஒரு நாளைக்கு இருநூறு டீ பேக்காவது குப்பைக்குப் போகும்.

பேன்ட்ரியைப் பார்த்துக்கொள்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர். என்னை விட ஏழெட்டு வயது பெரியவர். ஒரு நாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பழைய டீ பேக்கை எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். “இன்னா மேடம், குப்பைக்குப் போறத கேக்கறீங்கோ?” என்று வாயில் கை வைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு, “யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா, கிண்டல் பண்ணுவாங்க” என்றேன். எங்கள் பிரிவில் இருக்கிறவர்களின் வாய் எப்படி என்று எனக்குத் தெரியும். குப்பை பொறுக்குகிறேன் என்று வாட்ஸாப் குழுவிலேயே போடுவார்கள். “யாராண்டயும் சொல்ல மாட்டேன், போங்கோ” என்றார் அக்கா.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். டீ மெஷின் பக்கத்தில் மூடி போட்ட டப்பா ஒன்றை வைத்து, ‘டிப் டீ பை இதில் போடவும்’ என்று கோணல் எழுத்தில் எழுதி ஒட்டினார். ஆபீஸில் எல்லாரும் அது ஏதோ புது சுற்றுச்சூழல் சட்டம் என்று நினைத்துக்கொண்டு ஒழுங்காகப் போட்டார்கள். கப்பிலேயே பையைப் போட்டுக் குடிக்கிறவர்கள் உண்டு அல்லவா, அதை அவர் தொடவே மாட்டார். “வாய் வெச்ச கப்புல கெடந்தது வாணாம் மேடம். எச்ச படாததா பாத்து எடுத்து வெச்சிகினு கீறேன்” என்றார். எனக்கு அது தோன்றக்கூட இல்லை. ஜெனரேட்டர் அறைக்கு மேலே தட்டில் பரப்பிக் காய வைத்து, பத்துப் பத்தாக அடுக்கி, அந்த டீ பேக் நூலாலேயே கட்டி, வெள்ளிக்கிழமை தோறும் என் மேஜை டிராயரில் வைத்துவிடுவார். நான் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன். நான்கு மாதம் இப்படியே போயிற்று.

வீட்டில் நடந்த கூத்தைக் கேட்காதீர்கள். மெழுகு உருக்கப் பால் பாத்திரத்தை எடுத்ததற்கு ஒரு சண்டை. மெழுகுத் தாளைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்க்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். தேய்த்தேன். மறுநாள் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையை அதே இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தபோது முதுகில் மெழுகு ஒட்டி, அவர் அப்படியே ஆபீஸ் போய்விட்டு வந்து என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. எறும்பு வேறு. ஏப்ரல் வந்ததும் மெழுகு இறுகவே மாட்டேன் என்றது. அந்த வீடியோப் பெண் ஏதோ குளிர்தேசத்தில் உட்கார்ந்து செய்திருக்கிறாள். தாம்பரம் வெயிலில் காலையில் பூசிய மெழுகு மதியம் விரல் பட்டால் பள்ளம் விழுகிறது. மனசு அமைதியாவதற்காக ஆரம்பித்த வேலை, மாத்திரையின் அளவைக் கூட்டும்படி ஆகிவிட்டது.

இதற்கு நடுவில் என் வாய் சும்மா இருந்ததா? வேங்கைவாசலில் வீடு கட்டி முடித்த என் நாத்தனார் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தார். “உன் வீட்டையே படமா செஞ்சு ஃபிரேம் போட்டுத் தர்றேன் பாரு” என்று நானாகவே போய்ச் சொன்னேன். என்ன தாள் என்று கேட்டதற்கு, ஹேண்ட்மேட் பேப்பர் என்றேன். எச்சில், சுத்தம் என்றெல்லாம் ரொம்பப் பார்க்கிறவர் அவர். டீ பேக் என்று எப்படிச் சொல்வது?

படம் மூன்றடி அகலம். செய்தித்தாளில் மதில், நூலில் தென்னை, அடர்ந்த பழுப்பில் வாசல் கதவு, எல்லாம் வந்துவிட்டது. வானத்துக்கு மட்டும் வெளிறிய டீ பேக் நாற்பது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை விசேஷம். வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டுவிட்டேன். காலையில் அக்காவுக்குப் போன் செய்து, காய்ந்திருப்பதை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாப்பில் தரச் சொன்னேன்.

“நானே எடுத்துகினு வரணுமா மேடம்?”

“ஏன், அதுல என்ன கஷ்டம்? நாப்பது டீ பேக்குதானே?”

“இல்ல மேடம். எடுத்தாறேன்.”

அவ்வளவுதான் பேச்சு. ஐந்தரைக்கு வந்து நின்றேன். ஆறு ஆயிற்று. மேடவாக்கம் பஸ் ஒவ்வொன்றாக வருகிறது, ஆட்களை அப்பிக்கொண்டு போகிறது. அக்காவைக் காணோம். போன் செய்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்கிறது. பூக்காரம்மா மூன்று தடவை, “யாருக்குக் காத்துகினு கீறம்மா?” என்று கேட்டுவிட்டார். என்னத்தைச் சொல்வது? ஆறரைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாட்ஸாப்பில் பேசி அனுப்பினேன். முடியாது என்றால் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம், ஒரு மணி நேரமாக வெயிலில் நிற்கிறேன், ஒரு சின்ன வேலையை நம்பிக் கொடுத்தால் இதுதான் நடக்கும், இனிமேல் உங்களிடம் எதுவுமே கேட்க மாட்டேன் போதுமா என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது. அது வேறு எரிச்சல். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை, கூரியரில் வந்த காக்கி உறையைக் கிழித்து, டிகாக்‌ஷனில் ஊற வைத்து, எப்படியோ வானத்தை ஒப்பேற்றினேன். பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வானம் மட்டும் கனமாக, வெளிச்சம் போகாமல் செத்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் அதைப் பூஜை அறைக்கு எதிர்ச் சுவரிலேயே மாட்டி, வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பெருமை தாங்கவில்லை எனக்கு. பந்தியில் உட்கார்ந்துகொண்டு போனைப் பார்த்தேன். என் குரல் செய்திக்குக் கீழே இரண்டு நீலக் கோடு. கேட்டிருக்கிறார். பதில் இல்லை. “திமிரைப் பாரு” என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை பேன்ட்ரியில் வேறு பெண் இருந்தாள். டீ மெஷின் பக்கத்து டப்பாவைக் காணோம். சுவரில் பசை மட்டும் இருந்தது. சாப்பாட்டு மேஜையில்தான் விஷயம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவைக் கேட்டில் பிடித்துவிட்டார்களாம். பையில் நாற்பத்திரண்டு டீ பேக். “பழைய டீத்தூளைக் காய வெச்சு சாயம் கலந்து டீக்கடைக்கு விக்கிற கும்பல் இருக்குல்ல, அதோட ஆளாம். எவ்ளோ நீட்டா கட்டி வெச்சிருந்துச்சாம் தெரியுமா!” என்று என் பிரிவுக்காரி கண்ணை உருட்டினாள். ஒப்பந்தக்காரர் உடனே நிறுத்திவிட்டாராம். இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் வேறு எந்தக் கம்பெனியிலும் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். யாருக்கு எடுத்தாய், எதற்கு எடுத்தாய் என்று எத்தனை கேட்டும் அந்த அம்மாள் வாயே திறக்கவில்லையாம்.

என் சோற்று டப்பாவை மூடி வைத்தேன். வாயே திறக்கவில்லை என்றால், என் பெயரைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று சொன்னவள் நான்தானே?

இந்த இடத்தில் உடனே எழுந்து நின்று, ‘அது எனக்காக எடுத்தது’ என்று சொன்னதாக எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தபோது நானும் கொஞ்சம் சிரித்தேன். டப்பாவைக் கழுவிக்கொண்டு இருக்கைக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரு மணியிலிருந்து மூன்றரை மணி வரை ஒரு இன்வாய்ஸையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வருகிறது. மூன்றரைக்கு எழுந்து அட்மின் மேலாளர் அறைக்குப் போனேன்.

போய்ச் சொன்னால், அவர் நம்பவில்லை! “நீங்க நல்ல மனசுல அந்தம்மாவைக் காப்பாத்தப் பாக்கறீங்க மேடம். பழைய டீ பேக்க யாராவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்களா? அதுவும் உங்கள மாதிரி ஆளு?” என்றார். படம் செய்தேன் சார் என்றால், டீ பேக்கில் என்ன படம் என்கிறார். போனில் போட்டோ காட்டினேன். “இது நெட்ல எடுத்ததுதானே” என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லி நம்ப வைக்க இவ்வளவு பாடா என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “படத்தையே கொண்டு வர்றேன் சார். அது வரைக்கும் எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினேழு வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

இப்போது படம் எங்கே இருக்கிறது? நாத்தனார் வீட்டுப் பூஜை அறைக்கு எதிரில். சாயங்காலம் வேங்கைவாசலுக்கு ஓடினேன். ஒரு நாளைக்குப் படம் வேண்டும் என்றேன். ஏன் என்றார். சுற்றி வளைத்துப் பார்த்தேன், முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

“டீ பேக்கா? குடிச்சதா?”

“முக்கினது. குடிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுவாங்க. அந்தக்கா எச்சில் படாததா பாத்துதான்...”

“எச்சிலக் கொண்டு வந்து என் சாமிக்கு எதிர்ல மாட்ட வெச்சிருக்கியே! உனக்கு என்ன ஆச்சு?”

கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாளே நாத்தனார் வீட்டில் எனக்குக் கிடைத்த அர்ச்சனையை முழுக்க எழுத இடம் போதாது. ஆனால் ஒன்று, படத்தைக் கழற்றித் தரச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஒரு பழைய துணியால் பிடித்து, தானே கழற்றிக் கையில் கொடுத்து, “திருப்பிக் கொண்டாராதே” என்று கதவைச் சாத்தினார்.

செவ்வாய்க்கிழமை காலை மூன்றடிப் படத்தோடு ஆட்டோவில் போய் இறங்கினால், கேட்டில் என்னையும் நிறுத்திவிட்டார்கள். வெளியிலிருந்து பொருள் உள்ளே வந்தால் பாஸ் போட வேண்டுமாம். பொருளின் பெயர், எண்ணிக்கை, காரணம், திரும்பப் போகுமா போகாதா, எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கையில் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று எழுதினேன். பக்கத்தில் ஒரு நீள மேஜை. ஒப்பந்த ஆட்கள் வரிசையில் நிற்க, பெண் காவலாளி ஒவ்வொருவர் பையையும் அதில் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்று டப்பாவைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தாள். பதினேழு வருடமாக அந்த வழியாகத்தான் தினமும் போய் வருகிறேன். என் கைப்பையை ஒரு நாளும் யாரும் திறந்ததில்லை. இந்த மேஜை எதற்கு என்றும் நான் பார்த்ததில்லை. ‘நானே எடுத்துகினு வரணுமா’ என்று அக்கா கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று அங்கேதான் எனக்கு விளங்கியது.

அட்மின் மேலாளர் படத்தை மேஜையில் படுக்க வைத்து, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், நகத்தால் சுரண்டியும் பார்த்தார். “காக்கிப் பேப்பர் மாதிரிதானே மேடம் இருக்கு?” என்றார். அவர் சுரண்டியது சரியாக வானத்தை!

எனக்கு வந்த ஆத்திரத்தில், “ஆமா சார், அது காக்கிப் பேப்பர்தான். அந்த எடத்துக்கு வர வேண்டியதைத்தான் கேட்ல புடிச்சு வெச்சிருக்கீங்க. எடுங்க” என்றேன்.

சாட்சிக்காக எடுத்து ஒட்டி வைத்திருந்த உறையை அவர் பிரித்தார். நான்கு கட்டு, மேலே தனியாக இரண்டு. ஒரு பேக்கை எடுத்துப் பிரித்துத் தூளை அவர் மேஜையிலேயே கொட்டினேன். தாளை நீவிப் படத்தில் மதிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே அளவு, அதே நான்கு மடிப்பு, நூல் கட்டிய இடத்தில் அதே இரண்டு ஓட்டை. படத்தில் அது போல நூற்றிருபது இருந்தன. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் நிமிர்ந்து, “அந்தம்மா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மேடம்” என்றார்.

“நான்தான் சார் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்” என்றேன். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

ஒப்பந்தக்காரரை அழைத்துப் பேசினார். புதன்கிழமை முதல் அக்கா வரலாம் என்றானது. கூடவே எனக்கு ஒரு மெமோ. கம்பெனிப் பொருளை அனுமதியில்லாமல் நான்கு மாதம் வெளியே கொண்டு போனதற்கு. பதினேழு வருடத்தில் முதல் மெமோ, குப்பைக்குப் போக வேண்டிய டீ பேக்குக்காக! கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பெரும்பாக்கம் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். அந்தப் போனில் ஏற்கெனவே நான் பேசி வைத்திருந்ததை நினைத்தால் கை வரவில்லை. எல்லாக் கட்டடமும் ஒன்று போலவே இருக்க, நாலு பேரைக் கேட்டு, தப்பான மாடி ஏறி இறங்கி, ஒரு வழியாகக் கண்டுபிடித்தேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். நாளைக்கு வேலைக்கு வரலாம் என்று சொன்னேன். “ஆங், சூப்பர்வைசர் போன் பண்ணாரு மேடம்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். “டிப் டீ இல்ல, தூள் டீதான். குடிப்பீங்கோல்ல?” என்று திரும்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

“என் பேரைச் சொல்லியிருக்க வேண்டியதுதானேக்கா?”

“நீங்கதான சொல்லாதன்னீங்கோ. மாட்டேன்னு சொல்ட்டு அப்பால சொல்றதா?”

“வேலை திரும்பக் கிடைக்காமலே போயிருந்தா?”

“போனா போவுது, வேற வேல பாத்துக்கறேன்” என்று டீயை ஆற்றினார். அப்புறம் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, “பொய் சொல்றேன் மேடம். நாலு நாளா தூக்கமே இல்ல. திருடின்னு எழுதிட்டா எங்க போறது? சோத்து டப்பா, மாத்திர, எல்லாத்தையும் கொட்டிப் பாத்தாங்கோ. அப்ப கூட பரவால்ல. கூட வேல செய்றதுங்கோ எல்லாம் வரிசைல நின்னு பாத்துகினு இருந்துதுங்கோ” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னிச்சிடுங்க என்றேன். அந்த வார்த்தை இவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிளம்பும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன், நான் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டீர்களா என்று.

“கேட்டேன் மேடம். போன அவங்கோ வாங்கி வெச்சிகினாங்கோ, மறுநாளுதான் குடுத்தாங்கோ. நீங்க வெயில்ல நின்னதுதான் எனக்கு பேஜாரா பூட்சி. போன் கைல இருந்தா, நிக்காதீங்கோ போங்கோன்னு ஒரு வார்த்த சொல்லிருப்பேன்.”

மேடவாக்கம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அந்தக் குரல் செய்தியை நானே ஒரு தடவை போட்டுக் கேட்டேன். பாதிக்கு மேல் கேட்க முடியவில்லை. அழிக்கலாம் என்று விரலை வைத்தேன். அவர் கேட்டு முடித்த பிறகு நான் அழித்து என்ன பிரயோஜனம் என்று அப்படியே விட்டுவிட்டேன். இன்னும் என் போனில் இருக்கிறது.

படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில், கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நாத்தனார் வரும்போது கதவைத் திறந்தே வைக்கிறோம். வானத்தில் அட்மின் மேலாளரின் நகக்கீறல் அப்படியே இருக்கிறது. நான் பிரித்தது போக மீதி நாற்பத்தோரு டீ பேக்கும் எனக்குத் திரும்பக் கிடைத்தன. காக்கியைப் பிரித்துவிட்டு அவற்றை ஒட்டலாம் என்று வீட்டுக்காரர்கூடச் சொல்லிப் பார்த்தார். எனக்கு மனசு வரவில்லை.

கைவேலையை விடவில்லை. டப்பா பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு வித்தியாசம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கேட்டில் நின்று பாஸ் எழுதுகிறேன். பொருள்: உபயோகித்த டீ பேக். எண்ணிக்கை: அறுபது. காரணம்: படம் செய்ய. எடுத்துச் செல்பவர் என்ற கட்டத்தில் என் பெயர். அந்த நீள மேஜையில் என் கைப்பையை நானே கவிழ்த்துக் காட்டுகிறேன். முதல் வாரம் காவலாளிப் பெண், “வேணாம் மேடம், நீங்க போங்க” என்றாள். பாரும்மா, பரவாயில்லை என்றேன். என் பிரிவுக்காரர்கள் வாட்ஸாப் குழுவில் என்னைக் ‘குப்பை மேடம்’ என்கிறார்கள். இதற்குத்தான் இவ்வளவு பயந்தேனா என்று எரிச்சலாக வருகிறது.

இப்போதும் யாரிடமாவது, ‘இதை வெளியே சொல்லாதீங்க’ என்று சொல்ல வாய் வரும். அப்போதெல்லாம், அந்த மேஜையில் கவிழ்ந்து கிடந்த அக்காவின் சோற்று டப்பா என் கண் முன்னால் வந்துவிடுகிறது, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.